அம்மா தண்ணீர் குடிக்கிற இடம்

அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்தது நான்தான். ஆரணியில் எங்கள் தெருவில் இப்படி ஒன்று நடந்தால் பழியை அண்ணி தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். இதில் அண்ணிக்குச் சம்பந்தம் இல்லை. இடம் தேடியது நான், பேசியது நான், வண்டி பிடித்துக் கூட்டிப் போனது நான். அதற்காக என்னைப் பேசியவர்கள் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுடையது பட்டுத்தறிக் குடும்பம். அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். நைனாவும் அம்மாவும் ஒரே குழித்தறியில், தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து வேலை செய்தார்கள். நைனா நெய்வார், பக்கத்தில் உட்கார்ந்து அம்மா புடவையின் ஒரு பக்கத்துக் கரைக்கு இழை சுற்றிய நாடாவை எறிவாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நைனா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் அம்மா அவர் இடத்தில் உட்கார்ந்து நெய்ய ஆரம்பித்தாள். நான் தறியில் உட்காரவில்லை. ஜக்கார்டு அட்டை குத்துவது என் வேலை. புடவையில் மயில் வரவேண்டுமானால் எந்த இடத்தில் எந்த ஓட்டை வேண்டும் என்று பார்த்து அட்டையில் குத்த வேண்டும். வீட்டு முன்னறையிலேயே வேலை. எனக்குக் கல்யாணம் ஆகி இரண்டு வருடத்தில் மனைவி தன் அம்மா வீட்டுக்குப் போனாள், திரும்பி வரவில்லை. என் வாய்தான் காரணம். அண்ணன் சென்னையில் வேலை. அக்காவைப் பெரணமல்லூரில் கொடுத்திருந்தோம். ஆக வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்.

தறி விஷயம் ஒன்றைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. எங்கள் வீடுகளில் தறியில் உட்காரும் பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். தறிப் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு வைக்கவே விடமாட்டார்கள். ஒரு சொட்டு பட்டில் விழுந்தாலும் கறை. அதைவிடப் பெரிய காரணம், குடித்தால் எழுந்திருக்க வேண்டும். குழியை விட்டு ஏறி, கொல்லைக் கடைசிக்கு நடந்து, மூன்று குடித்தனத்துக்கும் பொதுவான கக்கூஸ் காலியாக இருக்கிறதா என்று பார்த்து நின்று, திரும்பி வந்து கையைத் துடைத்துக் குழியில் இறங்குவதற்குள் நான்கு விரல் அகலம் நெய்துவிடலாம். அதனால் காலையில் ஒரு டம்ளர் காப்பி, அப்புறம் மத்தியானச் சோற்றோடுதான் தண்ணீர். பெண் பார்க்கும்போதே இதைப் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "பொண்ணு குழியில எறங்குனா எறங்குனதுதாம்மா. சோத்து நேரம் வரைக்கும் ஏறாது." கேட்டுக்கொண்டிருக்கும் மாமியார்காரி தலையை ஆட்டுவாள். நைனா கூட அம்மாவைப் பற்றி இப்படித்தான் நாலு பேரிடம் பெருமை பேசுவார். அப்போது எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் கழித்து அம்மாவுக்கு வலது கை கால் விழுந்தது. காலையில் தறியில் உட்கார்ந்தவள் என்னைக் கூப்பிட்டாள். "டேய், நாடா கையிலதான் கீது. எறிய மாட்டேங்குது" என்றாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஆஸ்பத்திரி, மாத்திரை, எண்ணெய்த் தேய்ப்பு எல்லாம் ஆயிற்று. பேச்சு முழுதாகத் திரும்பியது. கால் பாதி திரும்பியது. கை திரும்பவில்லை.

முதல் வருடம் சமாளித்தோம். கொல்லைக் கடைசியில் இருந்ததை விட்டுவிட்டு, வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு கக்கூஸ் கட்டினேன். நாற்காலியில் உட்காருவது போல உட்காரும் மேடை, சுவரில் பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய். அம்மா இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே போய் வருவாள். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. இரண்டாவது வருடம் இடது முட்டியும் விட்டுப் போயிற்று. ஓர் ஆள் தூக்கி நிறுத்த வேண்டும், நடத்திக் கூட்டிப் போக வேண்டும், புடவையை விலக்க வேண்டும், கழுவ வேண்டும், திரும்ப உடுத்திவிட வேண்டும். காலையிலும் சாயங்காலமும் வந்து பார்க்க ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தேன். குளிப்பாட்டி, உடுத்தி, தலை பின்னிவிட்டுப் போவாள். அக்கா வாரத்தில் ஒரு நாள் பஸ் ஏறி வந்து போவாள். எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் முன்னறையில் அட்டை குத்திக்கொண்டிருந்தேன்.

"ம்மா, தண்ணி குடிக்கிறியா?" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பேன்.

"வேணாம்டா. தாகமே இல்ல."

நானும் விட்டுவிடுவேன். எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் அவர்களும் விட்டிருப்பார்கள். தறிக்காரி தண்ணீர் குடிக்காமல் இருப்பது எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை.

ஒரு நாள் காய்ச்சல் வந்தது. மறுநாள் பேச்சு குழம்பியது. செத்துப்போன நைனாவைக் கூப்பிட்டு, தறியில் பாவு நூல் தளர்ந்து கிடக்கிறது, வந்து இழுத்துக் கட்டு என்றாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். சிறுநீரில் கிருமி, உடம்பில் நீரே இல்லை என்றார் டாக்டர்.

"ஒரு நாளைக்கு எத்தினி டம்ளர் தண்ணி குடிப்பாங்க?"

"கம்மிதான் சார். நாங்க தறிக்காரங்க. அம்மாவுக்கு அது பழக்கம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தறியில ஒக்காந்து ரெண்டு வருஷம் ஆவுதுன்னு நீங்கதான சொன்னீங்க. இன்னும் இன்னாங்க பழக்கம்?"

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. உனக்குத் தறியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை, ஏனென்றால் அவர் கேட்டது சரி. இரண்டு வருடமாக அந்த வீட்டில் யாரும் நெய்யவில்லை.

ஒரு வாரத்தில் தேறினாள். வீட்டுக்கு வந்த முதல் நாள் மத்தியானம் சொம்பும் டம்ளருமாக அவள் கட்டில் அருகே போய் நின்றேன்.

"குடி."

"வெச்சிட்டுப் போ. அப்பறம் குடிக்கிறேன்."

"இப்ப குடி. என் கண் முன்னால குடி."

வாயை இறுக மூடிக்கொண்டாள். நான் கத்தினேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பினாள். டம்ளரைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அம்மா அசையவில்லை. தண்ணீர் தரையில் ஓடி அடங்கிய பிறகுதான் பேசினாள்.

"குடிச்சா போவணும். போவணும்னா உன்ன கூப்புடணும்."

"கூப்புடு. அதுக்குத்தான நான் கீறேன்?"

"ஒருவாட்டி கூப்புட்டேனே. ஞாபகம் கீதா?"

இருந்தது. வேலைக்கு வரும் பெண் வராத ஒரு நாள். நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். எல்லாம் நான்தான் செய்தேன். புடவையைத் தப்பாகச் சுற்றிவிட்டேன். அன்று முழுவதும் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

"நீ கூரைய பாத்துகினு நின்ன. நான் செவுத்த பாத்துகினு ஒக்காந்தேன். அந்த மாதிரி ஒரு நாள் போதும்டா."

"எனக்கு அதுல ஒண்ணும் கஷ்டம் இல்லம்மா."

"எனக்குக் கீது."

அப்போதுதான் கணக்கு விளங்கியது. காலையில் அந்தப் பெண் போனால் சாயங்காலம் வரும் வரை அடக்கிக்கொள்வது. சாயங்காலம் போனால் மறுநாள் காலை வரை. அதற்காக நாக்கு வறள வறளக் குடிக்காமல் கிடப்பது. பத்தடி தூரத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். உதடு வெடித்ததைப் பனி என்று நினைத்து வெண்ணெய் தடவிவிட்டிருக்கிறேன்.

எல்லோரும் யோசனை சொன்னார்கள். யோசனைக்கு எங்கள் ஊரில் பஞ்சமே கிடையாது. பாவு முறுக்கும் இடத்தில் ஒரு பெரியவர் சொன்னார்: "நீ இன்னொரு பொண்ண கட்டிக்கப்பா. வூட்டுக்கும் ஆளாச்சு, உங்கம்மாளுக்கும் ஆளாச்சு."

"மூத்திரம் எடுக்க ஒருத்திக்கு நான் தாலி கட்டணுமா? உன் பொண்ண குடுப்பியா?" என்று கேட்டேன். அவர் அதோடு என்னிடம் பேசுவதை விட்டார். நல்லதாகப் போயிற்று.

நாள் முழுவதும் கூடவே இருக்க ஒரு பெண் கிடைப்பாளா என்று தேடினேன். மனைவி இல்லாதவன் வீட்டில் வந்து தங்க யார் சம்மதிப்பார்கள்? ஒருத்தி நான்கு நாள் இருந்தாள். ஐந்தாம் நாள் அவள் அண்ணன் வந்து அழைத்துப் போய்விட்டான். அவன் மேல் தப்பு இல்லை. அக்கா தன்னோடு வந்துவிடச் சொல்லி அழுதாள். அக்கா வீட்டுக்காரர் தங்கமான மனிதர், அவரும் வந்து கூப்பிட்டார். அம்மா ஒரே பேச்சில் முடித்தாள். "மருமவன் வூட்ல போயி இத்தெல்லாம் பண்ணிகினு கெடப்பனா? ஆள வுடுங்க." சென்னையில் அண்ணன் வீடு இரண்டாம் மாடி. அவனும் அண்ணியும் காலையில் போனால் இருட்டும்போதுதான் திரும்புவார்கள். அங்கேயும் பகலில் ஆள் கிடையாது.

அண்ணன்தான் முதலில் 'ஹோம்' என்ற வார்த்தையை எடுத்தான். நான் போனிலேயே அவனைக் கிழித்துவிட்டேன். பிறகு மூன்று நாள் யோசித்துவிட்டு நானே கூப்பிட்டு, எங்கே என்று கேட்டேன்.

தாம்பரம் தாண்டி ஓர் இடம். நானும் அண்ணனும் போனோம். தோட்டம், பூஜை அறை, பெரிய டிவி, புத்தக அலமாரி, வாரம் ஒரு நாள் டாக்டர். அண்ணன் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தான். மேனேஜர் மரியாதையான ஆள். மோர் கொடுத்தார். நான் கேட்டேன்.

"கக்கூசுக்கு யாருங்க கூட்டிகினு போவாங்க?"

"சார், இங்க பெரியவங்க அவங்க வேலைய அவங்களே பாத்துப்பாங்க. அதான் இங்க கண்டிஷன்."

"எங்கம்மாவால முடியாது."

"அப்போ தனியா ஒரு அட்டெண்டர் நீங்க ஏற்பாடு பண்ணிக்கலாம்."

"இப்ப இங்க நடந்துகினு கீறாங்களே, இவங்களுக்கு நாளைக்கு முடியாமப் போச்சுன்னா?"

"குடும்பத்தோட பேசுவோம் சார்."

"பேசி?"

அண்ணன் மேஜைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினான். திரும்பும்போது ஆட்டோவில் சண்டை. "உனக்கு மனுசங்ககிட்ட பேசவே தெரியாதாடா? எடுத்த எடுப்புல கக்கூசா?" என்றான்.

"அத்த விட்டா நமக்கு வேற இன்னாண்ணா வேணும்? பூஜை ரூமா?"

நடக்க முடிந்தவர்களுக்கு அது நல்ல இடம்தான். நடக்க முடிந்த வரை அம்மாவுக்கு எங்கள் வீடே போதுமாக இருந்ததே. நடக்க முடியாதபோதுதான் இடம் தேடுகிறோம், அப்போது இடம் இல்லை என்கிறார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இரண்டாவது இடம் வேலூரைத் தாண்டி. நான் தனியாகப் போனேன். ஒரே பெரிய கூடம், முப்பது கட்டில். இங்கே படுத்த படுக்கையானவர்களையும் சேர்த்துக்கொள்வார்களாம். கேட்டதும் எனக்குத் தெம்பு வந்தது. சுற்றிக்காட்டியவர் பெருமையாகச் சொன்னார்: "காலைல எல்லாருக்கும் டயாபர் கட்டிடுவோம் சார். சாயங்காலம் மாத்திடுவோம். யாரும் யாரையும் கூப்புட வேண்டிய பேஜாரே இல்ல."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்டிலில் இருந்து ஓர் அம்மாள் கையை நீட்டினாள். "எந்திரிக்கணும்பா" என்றாள். தரை கூட்டிக்கொண்டிருந்த பெண், "அதான் கட்டியிருக்குதில்ல ஆயா, அதுலயே போ" என்றாள். அந்த அம்மாள் கை நீட்டியபடியே சிறிது நேரம் இருந்தாள். பிறகு மடக்கிக்கொண்டாள். அவளால் எழுந்திருக்க முடியும். ஒரு கை கொடுத்தால் போதும்.

முப்பது பேருக்கு அங்கே இரண்டு பெண்கள்தான். அவர்களைத் திட்டி என்ன பயன்? நானும் இத்தனை நாள் ஒரே ஒருத்தியை வைத்துக்கொண்டு என்ன கிழித்தேன்? யாரையும் திட்டாமல் வெளியே வந்தேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

மூன்றாவது இடத்தைச் சொன்னது ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ். தன்னோடு வேலை பார்த்த ஒரு நர்ஸம்மா ரிடையர் ஆகி, ஆரணியிலிருந்து சேத்துப்பட்டுக்குப் போகிற வழியில் ஒரு பழைய வீட்டில் பத்துப் பன்னிரண்டு பெண்களை மட்டும் வைத்துப் பார்த்துக்கொள்கிறார் என்றாள். போனேன். தோட்டம் கிடையாது. பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, உள்ளே அனல். வாசலில் கொடியில் உள்பாவாடைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கிழவிக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே என்ன வேண்டும் என்றார். நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"பகல்ல ரெண்டு பொண்ணுங்க. ராத்திரி ஒருத்தி, அவ கூட நானு. உங்கம்மா ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி போவாங்க?"

"தெரியாதுங்க."

"கூடவே இருக்கீங்க, தெரியாதா?"

"சொல்ல மாட்டாங்க."

"உங்ககிட்ட சொல்ல முடியாது. அத்தச் சொல்லுங்க." நகவெட்டியைக் கீழே வைத்தார். "எத்தினி இடம் பாத்தீங்க?"

"ரெண்டு."

"அவங்கள கூட்டிகினு போனீங்களா?"

"எப்படிங்க முடியும்? வண்டில ஏத்தி எறக்கி..."

"இங்க இருக்கப்போறது நீங்களா, அவங்களா? கூட்டிகினு வாங்க. அவங்க பாக்கட்டும். நீங்க பாத்து இன்னா ஆவப்போவுது?"

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. என்னைவிட மோசமான வாய். இருந்தாலும் இன்னொன்று கேட்டேன். "எழுந்திருக்கவே முடியாம படுத்துட்டாங்கன்னா?"

"படுக்கையிலயே பாப்போம். இங்கேருந்து ரெண்டு பேரு போயிட்டாங்க. ரெண்டு பேரையும் நான்தான் குளிப்பாட்டி அனுப்பினேன்." இன்று என்ன சமையல் என்று சொல்வது போலச் சொன்னார்.

அடுத்த வாரம் ஒரு வேன் பிடித்து அம்மாவையும் அக்காவையும் கூட்டிப் போனேன். வேனில் ஏற்றும்போது அம்மா எங்கே என்று கேட்டாள். சொன்னேன். "பாக்கறதுக்குத்தான?" என்றாள். "பாக்கறதுக்குத்தான்" என்றேன்.

அங்கே போய் அவள் கூடத்தைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்க்கவில்லை. தன்னை வேனிலிருந்து இறக்க வந்த பெண்ணைத்தான் பார்த்தாள்.

"உனக்கு எந்த ஊரும்மா?"

"தெள்ளார் பக்கம் ஆயா."

"கையக் காட்டு."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. புதிதாகப் பட்டில் கை வைக்க வருகிறவர்களிடம் அம்மா முதலில் உள்ளங்கையைத்தான் தடவிப் பார்ப்பாள். சொரசொரப்பாக இருந்தால் இழை மாட்டும் என்று திருப்பி அனுப்பிவிடுவாள். இடது கையால் அந்தக் கையைத் தடவிப் பார்த்தாள்.

"சொரசொரன்னு கீதே."

"களையெடுத்த கை ஆயா, வேற எப்படி இருக்கும்?"

"பரவால்ல. ஆளப் புடிக்கறதுக்கு இதான் நல்லது. வழுக்காது." அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அக்காவும் சிரித்தாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நர்ஸம்மா என்னை வெளியே போகச் சொன்னார். அரைமணி நேரம் வெயிலில் நின்றேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று அக்கா இதுவரை சொன்னதில்லை. திரும்பக் கூப்பிட்டபோது அம்மா தலை வாரி, முகம் கழுவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலி மோர் டம்ளர் இரண்டு இருந்தன. இரண்டையும் அம்மாதான் குடித்தாள் என்றாள் அக்கா.

"எப்ப வரணும்னு கேளு" என்றாள் அம்மா. என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் வேனில் திரும்பும்போது எனக்கு அவள் மேல் பயங்கரக் கோபம். கொஞ்சம் மறுத்திருக்கலாம். போகமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சமாதானம் சொல்வதற்கு ஏழெட்டு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

கொண்டுபோய்ச் சேர்த்த மறுநாள் டீக்கடையில் ஆரம்பித்தது. எங்கள் தெருக்காரர் ஒருவர், நான் சின்ன வயதில் மாமா என்று கூப்பிட்ட ஆள், டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "இன்னாப்பா, வூட்டக் காலி பண்ணிட்ட? எத்தினி பவர்லூம் போடப்போற?"

கூட்டம் சிரித்தது. அந்த வருடங்களில் தெருவில் பாதிப் பேர் குழியை மண் போட்டு மூடிவிட்டு விசைத்தறி போட்டுக்கொண்டிருந்தார்கள். இடம்தான் எல்லோருக்கும் தட்டுப்பாடு. அதனால் அம்மாவை அனுப்பி இடம் பிடித்துவிட்டேன் என்று நம்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

"உங்கம்மா கடைசி ஆறு மாசம் உங்க வூட்டுப் பின்னால மாட்டுக்கொட்டாயில கெடந்தாங்க" என்றேன். "நாத்தம் தாங்காம நீங்க முன்வாசல்ல படுத்தீங்க. நானும் பாத்துகினுதான இருந்தேன் மாமா."

சிரிப்பு நின்றது. அவர் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். இன்று நினைத்தால் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. அவர் வீட்டில் அந்த அம்மாள் என்ன கேட்டாள், என்ன கேட்காமல் அடக்கினாள் என்று எனக்கு என்ன தெரியும்?

அம்மா அங்கே சந்தோஷமாக இருந்தாள் என்று எழுதினால் அது பொய். குழம்பில் புளி ஜாஸ்தி என்றாள். பக்கத்துக் கட்டில்காரி நாள் முழுக்கத் தன் பிள்ளையின் சம்பளத்தைப் பற்றியே பேசுகிறாள் என்றாள். கொசு என்றாள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போவேன். சில ஞாயிறு பேச எங்களுக்கு ஒன்றுமே இருக்காது. சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன். ஆனால் உதட்டில் வெடிப்பு இல்லை. கண் பளிச்சென்று இருந்தது. தெள்ளார்ப் பெண்ணை அதிகாரம் செய்து ஏவிக்கொண்டிருந்தாள். "ஏய், ஜல்தி வாடி, இங்க ஒருத்தி கூவிகினு கீறது காதுல வுழலயா?" அந்தப் பெண்ணும் விடமாட்டாள். "வர்றேன் ஆயா, ரயிலா புடிக்கப்போற?" வீட்டில் இரண்டு வருடம் அம்மா யாரையும் இப்படிக் குரல் கொடுத்துக் கூப்பிட்டு நான் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நர்ஸம்மா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார், போன வாரம் வீட்டுக்குப் போகணும் என்று அம்மா அழுதாளாம். அதை மனதில் வைத்துக்கொண்டேன். அந்த வருடத் தீபாவளிக்கு அண்ணன், அண்ணி, பிள்ளைகள், அக்கா குடும்பம் எல்லோரும் ஆரணிக்கு வந்திருந்தார்கள். முதல் நாள் காலையிலேயே வேன் எடுத்துக்கொண்டு போனேன்.

"வரல" என்றாள் அம்மா.

"எல்லாரும் வந்துகினு கீறாங்கம்மா. ரெண்டே நாளு."

"வரட்டும். சாப்புட்டு சந்தோசமா இருங்க."

"அக்கா கீதில்ல? அவ பாத்துப்பா."

"அவளுக்கே இடுப்பு புடிச்சிகினு கீது. பலகாரம் சுடுவாளா, என்னத் தூக்குவாளா?"

"போன மாசம் வூட்டுக்குப் போவணும்னு அழுதியாமே?"

"அழுதேன். நாளைக்கும் அழுவேன். அழுவறது வேற, வர்றது வேற." கொஞ்ச நேரம் தன் வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துச் சரிசெய்தாள். "டேய், அங்க வந்தா ரெண்டு நாளும் நான் தண்ணி குடிக்க மாட்டேன். யாரு இன்னா சொன்னாலும் குடிக்க மாட்டேன். என்னப் பத்தி எனக்குத் தெரியாதா?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைத் தாண்டிப் பார்த்து, "ஏய், இங்க வாடி" என்று கூப்பிட்டாள். பிறகு என்னிடம், "எழுந்து வெளிய போடா" என்றாள். தெள்ளார்ப் பெண் வந்து திரையை இழுத்துவிட்டாள்.

வெளியே வந்தேன். வேன் டிரைவர் பின்கதவைத் திறந்து, அம்மா சாய்ந்துகொள்ள ஒரு தலையணையெல்லாம் போட்டு வைத்திருந்தார். "அம்மா வரலிங்களா?" என்றார். "உனக்கு இன்னாய்யா? வண்டிய எடு" என்று கத்தினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தார்.

வாசலில் எல்லோரும் நின்றிருந்தார்கள். காலி வேனைப் பார்த்ததும் அண்ணன் முகம் விழுந்துவிட்டது. "அம்மாவுக்கு நம்ம மேல கோவமா?" என்றான்.

"இல்ல."

"அப்பறம் ஏன் வரல?"

"அங்க தண்ணி குடிக்கிறாங்க. இங்க குடிக்க மாட்டாங்களாம்."

அண்ணனுக்குப் பிடிபட ஒரு நிமிடம் ஆயிற்று. அக்காவுக்கு உடனே பிடிபட்டது. உள்ளே போனாள். பாத்திரங்களை மூடும் சத்தம் கேட்டது. முறுக்குத் தூக்கையும் அம்மாவுக்கு எடுத்திருந்த புதுப் புடவையையும் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, "பசங்கள ஏறச் சொல்லு" என்றாள்.

டிரைவர் என்னைப் பார்த்தார். "திருப்பட்டுங்களா?"

"திருப்புங்க" என்றேன்.